திருவொற்றியூரில் ஓர் எட்டரை அங்குல வைஸ்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபம் அதன் பிறகு தன்னால் வரும்.

1. செவ்வாய்க்கிழமை காலை ரங்கூன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. என் பெட்டியைத் திறந்து பார்த்த உத்தியோகஸ்தர், உள்ளேயிருந்த காலிப்பர் என்னும் அளவுக் கருவியையும் இரண்டு அரங்களையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டார். எனக்கு வீட்டுக்காரர் இல்லை.

2. புதன்கிழமை திருவொற்றியூருக்குக் கிளம்பி, போய்ச் சேராமல் திரும்பினோம்.

3. வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். கடல் தாண்டி நான் வாங்க வந்த பொருள் கெடுக்கப்பட்டிருந்தது.

4. கெடுத்தவர், அது எனக்குச் செய்த மரியாதை என்றார்.

5. அன்று மாலைக்குள் என் வாயால் ஒரு மனிதரின் வேலை போவதாக இருந்தது.

அந்தப் பொருள் ஒரு வைஸ். பட்டறையில் இரும்பை அசையாமல் கவ்விப் பிடிப்பதற்கான இரண்டு இரும்புத் தாடைகள், அவற்றை நெருக்க ஒரு திருகு, அவ்வளவுதான். நான் தேடிச் சேர்ப்பது கால் வைஸ் என்னும் பழைய வகை. பின் தாடையின் கால் நீண்டு தரையில் ஊன்றி நிற்கும். சம்மட்டி அடியெல்லாம் அந்தக் கால் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் மேசையில் பூட்டும் புது வைஸ்கள் உடைகிற இடத்தில் இவை உடைவதில்லை.

என்னிடம் இப்படி ஏழு இருக்கின்றன. அப்பாவுக்கு ரங்கூன் ஆற்றங்கரையில் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை. நான் தொழிற்பள்ளியில் இயந்திர வரைபடம் இரண்டு வருடம் படித்துத் தேறி, அங்கே வரைபடங்கள் போடுகிறேன். அரிசி ஆலைகள் கழிக்கும் இரும்போடு பழைய வைஸ்கள் வரும். மற்றவர்கள் உருக்கப் போடுவதை நான் எடுத்து வைத்தேன். திருகில் கையால் வெட்டிய சதுர மரையையும், கொல்லர் இரும்போடு எஃகைப் பற்றவைத்த கோட்டையும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்கத் தெரியாதவர்கள் "பெண்ணுக்கு எதற்கு வைஸ்?" என்பார்கள். இந்தப் பயணத்தில் அந்தக் கேள்வியைப் பதினோரு பேர் கேட்டார்கள். எண்ணினேன்.

திருவொற்றியூர் வைஸைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஒரு கப்பல் ஃபிட்டர். தாடை அகலம் எட்டரை அங்குலம், தூக்க நான்கு ஆள் வேண்டும், கால்வாய்க் கரையில் தணிகாசலம் என்பவரின் பட்டறையில் நிற்கிறது என்றார். நான் தணிகாசலத்துக்கு எழுதினேன். விற்கிறேன் என்று பதில் வந்தது. உறையின் மேல் "விசாலாட்சியின் தகப்பனார் அவர்களுக்கு" என்றிருந்தது. மூன்று கடிதம் என் கையெழுத்தோடு போட்டேன். மூன்று பதிலும் தகப்பனாருக்கே வந்தன.

ராயபுரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். சித்தப்பா ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீசில் குமாஸ்தா. சாது. எனக்குத் துணை வருவதற்காக ஒரு வாரம் லீவு எடுத்திருந்தார். முதல் நாள் காலை ஆப்பமும் தேங்காய்ப்பாலும் தெருவில் ஒருத்தி சுட்டு விற்றாள். ரங்கூனில் இந்நேரம் மீன் கஞ்சியில் நூடுல்ஸ் போட்டு மொகிங்கா தின்றிருப்பேன். நியாயமாகச் சொன்னால் ஆப்பம் தேவலை. மத்தியானம் மாங்காய் போட்ட வஞ்சிரக் குழம்பு. இந்த ஊரின் மேல் எனக்குள்ள புகார்களில் சாப்பாடு சேராது.

காப்பி சேரும். புதன்கிழமை வழியில் ஒரு காப்பி கிளப்பில் நிறுத்தினோம். பெண்கள் உள்ளே வருவதில்லை என்றார்கள். எழுதி மாட்டியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வருவதில்லை, அவ்வளவுதான். சித்தப்பா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வண்டிக்குள் நீட்டினார். ரங்கூனில் தேநீர்க் கடை நடத்துவதே பெண்கள்தான். முக்காலியை இழுத்துப் போட்டு, யார் வந்தாலும் உட்கார் என்பார்கள்.

அந்த வண்டி ஒரு ஜட்கா. உப்புக் கிடங்குகளைத் தாண்டியதும் இடது சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று, எங்களுக்கு முன்னால் தனியாக உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. இறங்கிப் பார்த்தேன். பட்டையைக் காய்ச்சி மாட்டவே இல்லை. கயிற்றால் கட்டி, இடுக்கில் ஆப்பு அடித்திருந்தார்கள். பட்டையைச் சூடாக்கி மாட்டி ஆறவிட்டால் அதுவே இறுகிப் பிடிக்கும், மூன்று வருடம் அசையாது என்று வண்டிக்காரரிடம் விளக்கினேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் குதிரையிடம் உருதுவில் ஏதோ சொன்னார். சித்தப்பாவுக்கு உருது தெரியும். என்ன என்று கேட்டேன். "நீயாவது வாய மூடிக்கினு இரு, கண்ணு, எனக்கு இன்னிக்கு இது போதும்" என்பதுதான் அதன் பொருள். சித்தப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நடந்தே திரும்பினோம்.

வியாழக்கிழமை ரயிலில் போனோம்.

பட்டறை கால்வாயை ஒட்டிய நீளமான கொட்டகை. உப்புப் படகுகளுக்கு நங்கூரமும் சுக்கான் முளையும் செய்கிற இடம். தணிகாசலம் வாசலுக்கே வந்து வரவேற்றார். சித்தப்பாவை வரவேற்றார் என்று சொல்வதே சரி. எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

வைஸ் கொட்டகையின் நடுவில் நின்றது. முதலில் அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளிச் சாயம் பூசியிருந்தது. திருகின் தலையில் மஞ்சளும் குங்குமமும். சம்மட்டித் தழும்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. காலிப்பரை எடுத்துக்கொண்டு அருகே போய்த் தாடையைத் திறந்தேன். உள்பக்கம் கண்ணாடி போல வழவழவென்றிருந்தது.

வைஸின் தாடைக்கு உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பற்கள் இருக்கும். இரும்பு நழுவாமல் இருப்பது அவற்றால்தான். பல் இல்லாத வைஸ் என்பது வெறும் எடை.

"இன்னாமா, புடிச்சுதா?" என்றார் தணிகாசலம். "மொகம் பாக்கலாம் அதுல. மூணு நாளு வேல. மாப்ள வூட்டுல ஒரு கொற சொல்லக் கூடாது பாரு."

"எந்த மாப்பிள்ளை?"

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அந்தப் பக்கத்துப் பட்டறைக் குடும்பங்களில், தொழில் தெரிந்த மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் சீரோடு ஒரு ஆயுதமும் வைப்பது வழக்கமாம். அரமோ, சம்மட்டியோ, வசதி இருந்தால் வைஸோ. அதில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. பழைய பொருளானால் புதிதாக்கித்தான் வைக்க வேண்டும். ஒரு பெண்ணின் பெயரில் வைஸ் கேட்டுக் கடிதம் வந்ததும், இது கல்யாணச் சீர் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஒரு பெண் தனக்காக வைஸ் கேட்பாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் அதிகம் சத்தம் போடுகிறவள் அல்ல. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தாடையின் முகம் கடினப்படுத்திய எஃகு. அதில் அரம் வழுக்கும், கடிக்காது. அரத்தால் பல்லை ராவியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் உலையில் போட்டுப் பழுக்கவைத்து, மெதுவாக ஆறவிட்டு, எஃகின் கடினத்தையே எடுத்திருக்கிறார்கள். ஆக, பல் மட்டும் போகவில்லை. பதமும் போயிற்று.

பக்கத்தில் நின்ற ஃபிட்டரிடம் திரும்பினேன். கன்னியப்பன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். பதினைந்து வருடமாக அந்த வைஸில் வேலை செய்கிறவர்.

"உலையில் வைத்தீர்களா?"

"வச்சேன் மா."

"பதம் போகும் என்று தெரிந்தா?"

"தெரிஞ்சுதான்."

அப்போது அவரிடம் நான் சொன்னவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தொழில் தெரியாதவன் செய்தால் பிழை, தெரிந்தவன் செய்தால் துரோகம் என்ற மாதிரி பேசினேன். இந்த வைஸ் எனக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தது போல் தணிகாசலம் பிடித்துக்கொண்டார். ரங்கூனிலிருந்து வந்த கிராக்கியைக் கெடுத்தவன் கன்னியப்பன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது.

உலையடியில் துருத்தி இழுத்துக்கொண்டிருந்த பட்டம்மாள் எழுந்து வந்தாள். பட்டறையில் இருக்கும் ஒரே பெண் அவள்தான்.

"ஏன் நைனா, பல்ல ராவுன்னு சொன்னது ஆரு? வேணாம், கெட்டுப் பூடும்னு இவுரு தலபாடா அட்ச்சுக்கினாரே. நான் இங்க துருத்தி இழுத்துக்கினுதான இருந்தேன். என் காது இன்னா செவுடா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் இன்னாமா, வந்ததும் வராததுமா வேல செய்றவனப் புடிச்சு வையிற. சொன்னவன வுட்டுட்ட."

அது சரிதான். என் கோபம் தப்பான முகவரிக்குப் போயிருந்தது. அந்த முகவரியில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள் என்பதும் பட்டம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

நான் தணிகாசலத்திடம் ஒரு யோசனை சொன்னேன். முகம் இப்போது மிருதுவாக இருக்கிறது. மிருதுவாக இருக்கும்போதே புதிதாகப் பல் வெட்டலாம். வெட்டிய பிறகு மறுபடி பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினம் திரும்பும். கன்னியப்பன் அதைச் செய்யட்டும், சரியாக வந்தால் வாங்கிக்கொள்கிறேன், நான் திரும்ப வேண்டிய செவ்வாய்க்கிழமைக் கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். தணிகாசலம் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சித்தப்பாவிடம் பதில் சொன்னார்.

"சரி சார், வெட்டட்டும். தோய்க்கறப்ப தாட வெடிச்சா அவன் வூட்டுக்குப் போவட்டும். உங்க கொழந்தயே சாட்சி."

கனமான எஃகு தோய்க்கும்போது விரிசல் விடுவது சாதாரணம். ஒரு மனிதனின் பிழைப்பை அதன் மேல் வைத்து, என்னைச் சாட்சியாகவும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ரயிலில் போனோம். பல்லின் அளவு என்னிடம் இருந்தது. என் ஏழு வைஸ்களின் தாடைகளையும் மையால் ஒற்றி நோட்டில் வைத்திருக்கிறேன். அவற்றில் பெரியதன் கோடுகளை எட்டரை அங்குலத்துக்கு இரண்டு தாள்களில் வரைந்து, கழற்றி வைத்த தாடைகளில் சோற்றுக் கஞ்சியால் ஒட்டினோம். தாளோடு சேர்த்து உளியால் வெட்டுவதாக ஏற்பாடு.

கன்னியப்பன் என்னோடு பேசவில்லை. உளியை வைத்தவர், எடுத்துவிட்டு, "கோடு மேல தப்பா கீது" என்றார். தப்பில்லை, அளந்து போட்டது என்றேன். அளவு சரி, வைஸ்தான் வேறு என்றார். இந்தத் தாடை ஒரு முளையில் தொங்கி ஊசலாடுவதால், திறக்கத் திறக்க மேல் விளிம்பு பின்வாங்கும். மேல் வரிசை நெருக்கமாக இல்லாவிட்டால் தடித்த இரும்பு நழுவும். நான் ஒரு காகிதத்தில் முளையையும் வீச்சையும் போட்டுப் பார்த்தேன். மேல் மூன்று கோடுகளை மாற்றினேன். அடுத்த கோடுகளையும் மாற்றச் சொன்னார். அவை தேவையில்லை என்று கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "செரி" என்றார். அதற்குப் பிறகு பேசினோம்.

ஒரு தாடை வெட்ட ஒரு நாள் ஆயிற்று. ஒரே கனமான அடி, உளியை ஒரு மயிரளவு நகர்த்துவது, மறுபடி அடி. நான் ஒவ்வொரு பத்துக் கோட்டுக்கும் அளந்தேன். ஒன்றும் விலகவில்லை. மத்தியானம் பட்டம்மாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தாள். சித்தப்பா கால்வாயில் போன படகுகளை எண்ணினார். நாற்பத்தொன்று என்றார். எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் இருக்கிறது போலும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டாவது தாடையும் முடிந்தது. தோய்ப்பதைப் பற்றி ஒரு சண்டை. தொட்டியில் இருந்தது கால்வாய்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் எஃகு வேகமாகக் குளிரும், விரிசலும் எளிதாக விடும். நல்ல தண்ணீர் வேண்டும் என்றேன். திருவொற்றியூரில் நல்ல தண்ணீருக்கு அவர்களே ஒரு மைல் நடக்கிறார்கள். பட்டம்மாளும் நானும் இன்னும் இரண்டு பெண்களும் குடத்தில் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினோம். வழியில் அந்தப் பெண்களில் ஒருத்தி பெண்ணுக்கு எதற்கு வைஸ் என்று கேட்டாள். பட்டம்மாள் முந்திக்கொண்டு, "ஏன், ஒனக்கு புருசன் எதுக்கு?" என்றாள். தண்ணீரின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு வேப்பெண்ணெய் ஊற்றுவது கன்னியப்பனின் யோசனை. முதலில் எண்ணெயில் நுழைந்து, பிறகு தண்ணீரைத் தொட்டால் அதிர்ச்சி குறையும் என்றார். என் பாடப்புத்தகத்தில் இது இல்லை. ஆனால் காரணம் சரியாக இருந்தது.

தணிகாசலம் நாற்காலியைத் தூக்கிவரச் செய்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் தாடை செர்ரிப்பழச் சிவப்புக்கு வந்ததும் கன்னியப்பனும் இன்னொருவரும் குறட்டால் தூக்கி நேராக இறக்கினார்கள். புகை கொட்டகையை நிறைத்தது. வேப்பெண்ணெய் எரிகிற நாற்றம் என் சேலையில் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தோம். விரிசல் இல்லை.

இரண்டாவது தாடை உள்ளே போனதும் "டக்" என்று ஒரு சத்தம்.

தணிகாசலம் எழுந்து நின்றார். கன்னியப்பன் குறடும் கையுமாகவே நின்றார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். பட்டம்மாள் துருத்திக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். வெளியே எடுத்ததும் நான் முதலில் போய்த் தாடையின் முகத்தைத் துடைத்து, விரல் நகத்தால் ஓரம் ஓரமாகத் தடவினேன். மேலே படிந்திருந்த இரும்புச் செதில் ஒன்று பெயர்ந்த சத்தம் அது. உள்ளங்கை அகலச் செதில் தொட்டியின் அடியில் கிடந்தது. தாடை முழுசாக இருந்தது.

"ஒடையலையா?" என்றார் தணிகாசலம். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எஃகு நொறுங்காமல் இருக்க மறுபடி இலேசாகச் சூடுகாட்டிப் பொன்னிறத்தில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பூட்டினோம். வெள்ளிச் சாயத்தை நானே சுரண்டினேன். சோதனைக்கு ஒரு படகின் சுக்கான் முளையைக் கவ்வக் கொடுத்து, ஆளுயரக் கம்பி போட்டு நான்கு பேர் இழுத்தார்கள். கம்பி வளைந்தது. முளை நகரவில்லை. அதற்கு முன்பு இந்த வைஸிலேயே இப்படி நின்றதில்லை என்று படகுக்காரர் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

திங்கட்கிழமை மாட்டு வண்டியோடு போனோம். வைஸ் இருந்த இடத்திலேயே, அதன் காலைச் சுற்றிப் புதிதாகக் கருங்கல் வைத்துச் சுண்ணாம்பு போட்டு, நிறுத்தப்பட்டிருந்தது. தணிகாசலம் சித்தப்பாவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். ஆனால் எனக்குக் கேட்கும் தூரம்தான்.

"கொழந்த கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். பொருளு இவ்ளோ நல்லா கீதுன்னா நான் இன்னாத்துக்கு குடுக்கணும்?"

நான் நேரே போய் நின்று, வார்த்தை கொடுத்தது என்னிடம், கடிதம் எழுதியது நான், பல்லின் அளவு என்னுடையது, தண்ணீர் நான் சுமந்தது, ஆகையால் பதிலை என்னிடம் சொல்லுங்கள் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த மூன்று அங்குல வைஸ் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, இதைக் கொண்டுபோங்கள், சும்மா, என்றார். அதற்கு வெள்ளிச் சாயம் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை.

சித்தப்பா போகலாம் என்றார். பணம் இன்னும் கை மாறாததால் சட்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வண்டிக்காரர் வெறும் வண்டியைத் திருப்பினார்.

கன்னியப்பன் அத்தனை நேரமும் தலை நிமிராமல் அந்த வைஸில் ராவிக்கொண்டிருந்தார். நான் கிளம்பியதும் கால்வாய்க் கரை வரைக்கும் வந்தார்.

"வெட்டறப்பவே எனக்குத் தெரியும் மா. நல்லா வந்துட்சின்னா அவுரு விக்க மாட்டாரு. தெரிஞ்சுதான் நல்லா வெட்டுனேன்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ கோடு போட்டுக் குடுத்திருப்பியா?"

நான் யோசித்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை. தெரியவில்லை என்றேன். பெரிய வேலையெல்லாம் அந்த ஒரு வைஸில்தான் நடக்கிறது, அது கப்பலேறினால் தனக்கு அங்கே வேலை இல்லை என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும். திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தார். ரயிலடி வரைக்கும் அரம் ஓடும் சத்தம் கேட்டது போலிருந்தது. அவ்வளவு தூரம் கேட்க நியாயமில்லை.

இப்போது நிலைமை இது. வைஸ் திருவொற்றியூரில் இருக்கிறது. கன்னியப்பன் வேலையில் இருக்கிறார். தணிகாசலத்துக்கு நான் ரங்கூனிலிருந்து இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை.